நண்பரின் நினைவாக ஐரிஷ் மெட்டுகளை கான்சர்ட் பேண்டுக்கு எழுதுவது எப்படி

மறைந்த ஒரு நண்பருக்காக ஐரிஷ் நாட்டுப்புற மெட்டுகளை கான்சர்ட் பேண்டுக்கு (ஊதுகருவிகளும் தாளக் கருவிகளும் சேர்ந்த பெரிய குழு) அரேஞ்ச் செய்ய, அதாவது கருவிகளுக்குப் பிரித்து எழுத, உட்காருகிறீர்கள் என்றால், நோட்டேஷன் மென்பொருளைத் திறப்பதற்கு முன்னால் அவர் வீட்டாரிடம் பேசிவிடுங்கள். எந்த மெட்டை அவர் முணுமுணுத்துக்கொண்டிருப்பார், எதைக் கேட்டால் எழுந்து போய்விடுவார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அயர்லாந்து என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது லண்டன்டெரி ஏர், அதாவது 'டேனி பாய்' என்று உலகம் பாடும் மெட்டு. லிமவாடி ஊரைச் சேர்ந்த ஜேன் ராஸ் கொடுத்ததாக ஜார்ஜ் பெட்ரி 1855-இல் தன் தொகுப்பில் அச்சிட்ட மெட்டு அது, 'டேனி பாய்' வரிகள் 1913-இல்தான் அதோடு சேர்ந்து வெளிவந்தன. அழகான மெட்டு, சந்தேகமே இல்லை. ஆனால் லிமவாடி இருக்கும் மாவட்டத்தை டெரி என்பதா லண்டன்டெரி என்பதா என்பதே வடக்கு அயர்லாந்தில் இன்றும் ஒருவர் ஐரிஷ் தேசியப் பக்கமா பிரிட்டன் பக்கமா என்று காட்டிவிடும் விஷயம். பெர்சி கிரெய்ஞ்சர் 1918-இல் பேண்டுக்கு அச்சிட்ட தன் அரேஞ்ச்மென்டுக்கு 'டெரி மாவட்டத்து ஐரிஷ் மெட்டு' என்று பெயர் வைத்தார். 'தி வேரிங் ஆஃப் தி கிரீன்' பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1798 கிளர்ச்சியோடு ஒட்டிப்போன பாட்டு. நமக்கு வெறும் இனிமையாகக் கேட்பது அவர் குடும்பத்துக்கு வேறு எதையாவது கிளறலாம், அதனால் கேட்டுவிடுவது நல்லது.

நினைவஞ்சலி என்றால் சோகமான மெட்டாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஐரிஷ் மரபிலேயே ஒருவருக்காக மெட்டு செய்து அவர் பெயரையே அதற்கு வைப்பது மூன்று நூற்றாண்டுப் பழக்கம். டர்லோ ஓ'கேரலன் (1670–1738) பெரியம்மையில் பதினெட்டு வயதில் கண்பார்வை இழந்தவர், யாழோடும் குதிரையோடும் வீடு வீடாகப் போய்த் தங்கி, தன்னை உபசரித்தவர்கள் பெயரில் மெட்டுகள் செய்தார். 'ஃபேனி பவர்', 'பிளாங்க்ஸ்டி இர்வின்' எல்லாம் அப்படி வந்தவை, பெரும்பாலானவை உற்சாகமானவை. அதே மனிதர் தன் நண்பர் சார்லஸ் மெக்கேபுக்கு ஒப்பாரியும் செய்திருக்கிறார். ஆக, உங்கள் நண்பர் சிரித்துக்கொண்டே இருந்தவர் என்றால் ஜிக் என்ற துள்ளல் நடன மெட்டு எழுதுங்கள், தைரியமாக. நிதானமான மெட்டு ஒன்றில் ஆரம்பித்து அப்படியே நடன மெட்டுக்குள் போவது ஐரிஷ் கலைஞர்கள் வழக்கமாகச் செய்வதுதான், பேண்டுக்கும் அந்த வடிவம் நன்றாகப் பொருந்தும்.

நான் எழுதியது இங்கிலாந்தில் நான் இருக்கும் ஊரின் பேண்டில் யூஃபோனியம் (சின்ன டியூபா போன்ற பித்தளை ஊதுகருவி) வாசித்த ஒருவருக்காக. மேயோ மாவட்டத்துக்காரர். ஒத்திகைக்கு முதல் ஆளாக வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், கருவியைச் சூடேற்றுவதற்காக 'ஃபேனி பவர்' மெட்டைத்தான் வாசிப்பார். இரண்டாம் பகுதியில் மேலே ஏறும் இடத்தில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தயங்கி, மூச்சு எடுத்து, அப்புறம் போவார். மெட்டு எது என்ற கேள்வியே எனக்கு எழவில்லை. உங்களுக்கும் அப்படி ஒரு சின்ன அடையாளம் நிச்சயம் இருக்கும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி அரேஞ்ச்மென்ட் முடிந்த மாதிரி, ஏனென்றால் மனிதர் வந்து நிற்கும் இடம் மெட்டுத் தேர்வும் அதை யார் வாசிக்கிறார் என்பதும்தான். பெரிய பெரிய கார்டுகளை (பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் கொத்துகளை) அடுக்கி அந்த உணர்ச்சியைக் கொண்டுவர முடியாது.

சரி, மெட்டை எங்கிருந்து எடுப்பது? பழைய தொகுப்புகளில் இரண்டை முக்கியமாகச் சொல்வேன். 1792-இல் பெல்ஃபாஸ்டில் கூடிய யாழ்க் கலைஞர்கள் வாசித்ததை எட்வர்ட் பன்டிங் என்ற இளைஞர் குறித்துக்கொண்டு 1796-இலிருந்து வெளியிட்டார். ஆனால் அச்சில் அவற்றைப் பியானோவுக்கு ஏற்றபடி மாற்றிவிட்டார், அதனால் அவர் போட்ட பேஸ் வரியை வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நடன மெட்டுகளுக்கு, சிகாகோவில் போலீஸ் தலைமை அதிகாரியாக இருந்த பிரான்சிஸ் ஓ'நீல் 1903-இல் வெளியிட்ட தொகுப்பு, அதில் 1850 மெட்டுகள். இதெல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இன்றைய கலைஞர்கள் 'தி செஷன்' தளத்தில் ஏபிசி குறியீட்டில் (சுரங்களை எழுத்துகளாலேயே எழுதும் முறை) போட்டு வைத்திருக்கும் வடிவங்களையும் பாருங்கள், ஒரே மெட்டுக்குப் பத்து வடிவம் இருக்கும். இரண்டு மூன்றை அருகருகே வைத்து, எல்லாவற்றிலும் மாறாமல் இருக்கும் சுரங்கள் எவை என்று பார்த்தால் அதுதான் மெட்டின் எலும்பு. மாறுபவை வாசிப்பவரின் அலங்காரம், அதில் உங்களுக்குச் சுதந்திரம் உண்டு. அதோடு பதிவுகளையும் கேளுங்கள், நிறையக் கேளுங்கள். காகிதத்தில் இருக்கும் ரீலை (வேகமான நடன மெட்டை) மட்டும் பார்த்து எழுதுகிறவர்களின் ஸ்கோர், அதாவது எல்லாக் கருவிகளின் பகுதிகளும் சேர்ந்த தாள், டைப்ரைட்டர் ஓசை போல வரிசையாகத் தட்டிக்கொண்டே போகும், அந்த ஊசலாட்டம் காகிதத்தில் கிடையாது.

காப்புரிமையை இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிடுங்கள். மரபு மெட்டு யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் ஒருவர் செய்த அரேஞ்ச்மென்ட் அவருடையது. அயர்லாந்திலும் பிரிட்டனிலும் ஆசிரியர் இறந்த பிறகு 70 ஆண்டுகள் உரிமை இருக்கும். பழையது என்று எல்லாரும் நினைக்கும் மெட்டுகள் பல பழையவையே இல்லை: 'இனிஷீர்' தாமஸ் வால்ஷ் செய்தது, 'அஷோக்கன் ஃபேர்வெல்' அமெரிக்காவில் ஜே அங்கர் 1982-இல் செய்தது. 'ஷி மூவ்ட் த்ரூ தி ஃபேர்' பாட்டின் வரிகளை எழுதிய கவிஞர் பாட்ரிக் காலம் (Padraic Colum) 1972-இல்தான் இறந்தார், பாடகரை வைத்துப் பாட வைக்கப் போகிறீர்கள் என்றால் அதைக் கவனிக்க வேண்டும். கேரலன், பன்டிங், ஓ'நீல் வழியே போனால் கவலை இல்லை.

இப்போது ஸ்வர அமைப்பு. இங்கேதான் நல்ல அரேஞ்சர்கள்கூட மெட்டைக் கெடுத்துவிடுகிறார்கள். ஐரிஷ் மெட்டுகள் பலவற்றுக்கு, மேற்கத்திய இசையின் மேஜர், மைனர் என்ற இரண்டே பெட்டிகள் போதாது. டோரியன், மிக்சோலிடியன் நிறைய வரும். கர்நாடக இசை கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இது சுலபம்: டோரியனின் சுரங்கள் கரகரப்பிரியா, மிக்சோலிடியனின் சுரங்கள் அரிகாம்போதி. 'டிரௌஸி மேகி' என்ற ரீலை எடுத்துக்கொள்ளுங்கள், ஈ டோரியன், ஈ சுரத்துக்குத் திரும்பித் திரும்பி வரும். அதற்குத் தேவையான கார்டுகள் இரண்டே: ஈ மைனர், அதற்கு ஒரு படி கீழே டி மேஜர். இவ்வளவுதான், இரண்டுக்கும் நடுவில் ஊசலாடினாலே போதும். ஹார்மனி பாடத்தில் படித்த பழக்கத்தில் முடிவில் ஒரு பி செவன்த் கார்டு போட்டு டி ஷார்ப்பை உள்ளே விட்டால், அந்த ஒரு சுரத்திலேயே மெட்டு அயர்லாந்தை விட்டுக் கிளம்பிவிடும். எந்த இடத்தில் சந்தேகம் வந்தாலும் கார்டின் மூன்றாம் சுரத்தை எடுத்துவிட்டு வெறும் சுருதியும் பஞ்சமமுமாக விடுங்கள். இல்லியன் பைப் (அயர்லாந்தின் துருத்திக் குழல்) கேட்டிருப்பீர்கள், அதில் மூன்று டிரோன் குழல்களும் வெவ்வேறு ஆக்டேவில் ஒரே டி சுரத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். நாம் தம்புராவோடு வளர்ந்தவர்கள், சுருதி மேல் மெட்டு நிற்பது நமக்குப் புதிதல்ல. பேண்டில் அதை டியூபா, பாரிடோன் சாக்ஸ், பேஸ் கிளாரினெட், பஸூன் நால்வரிடம் கொடுத்து, மூச்சை ஆளுக்கொரு இடத்தில் எடுக்கச் சொல்லி எழுதிவிட்டால் அறுபடாமல் ஓடும்.

கீ (மெட்டின் ஆதார சுரம்) விஷயத்தில் ஒரு வழி சொல்கிறேன், நிறைய நேரம் மிச்சமாகும். பிடிலும் ஐரிஷ் புல்லாங்குழலும் டி, ஜி கீகளில் வாழ்பவை. கிளாரினெட், சாக்ஸ் போன்றவை தாளில் எழுதிய சுரத்தை அப்படியே ஒலிக்காமல் வேறு உயரத்தில் ஒலிப்பவை, அதனால் கான்சர்ட் டி-யில் (காதில் விழும் டி-யில்) அப்படியே எழுதினால் கிளாரினெட்டுக்கு நாலு ஷார்ப், ஆல்டோ சாக்ஸுக்கு ஐந்து ஷார்ப், அமெச்சூர் பேண்டில் யாரும் உங்களை மன்னிக்க மாட்டார்கள். மொத்தத்தையும் அரை சுரம் மேலே தூக்குங்கள். டி மேஜர் ஈ ஃபிளாட் ஆகிவிடும், கிளாரினெட்டுக்கு எஃப், ஆல்டோவுக்கு சி. ஈ டோரியன் எஃப் டோரியன் ஆகும், கிளாரினெட் பக்கத்தில் ஒரே ஒரு ஃபிளாட், ஆல்டோ பக்கத்தில் ஒன்றுமே இல்லை. ஜி மேஜர் ஏ ஃபிளாட் ஆகும், அதுவும் ஊதுபவர்களுக்குச் சுகமான இடம்தான். எல்லா மெட்டையும் ஒரே அளவு தூக்குவதால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும்போது கிடைக்கும் அந்தத் தூக்கலும் குலையாது. இது முக்கியம், ஏனென்றால் ஐரிஷ் கலைஞர்கள் ஒரு மெட்டை இரண்டு மூன்று முறை வாசித்துவிட்டு நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள், கேட்பவருக்குக் குளிர் அடித்தாற்போல் இருக்கும் தருணம் அந்தத் தாவல்தான். டோரியன் ரீலிலிருந்து மேஜர் ரீலுக்குத் தாவினால் அரங்கமே நிமிர்ந்து உட்காரும். அதனால் ஒரே மெட்டை ஒவ்வொரு சுற்றுக்கும் அரை சுரம் ஏற்றி ஏற்றி எழுதும் பழக்கத்தைத் தயவுசெய்து இங்கே கொண்டுவராதீர்கள்.

நீளம் கணக்குப் போடுவது எளிது. பெரும்பாலான நடன மெட்டுகள் எட்டு எட்டு பார்களாக (பார் என்பது ஒரு தாள அலகு) இரண்டு பகுதி, ஒவ்வொன்றும் இருமுறை, மொத்தம் 32 பார். ரீலில் பாருக்கு இரண்டு தட்டு, நிமிடத்துக்கு 96 தட்டு வேகத்தில் ஒரு சுற்று 40 விநாடி. மூன்று சுற்று என்றால் இரண்டு நிமிடம். மெதுவான மெட்டு மூன்று நிமிடம், ஜிக் ஒரு நிமிடம் சொச்சம், ரீல் இரண்டு நிமிடம்: ஆறு ஏழு நிமிடத்தில் முழு வடிவம் கிடைத்துவிடும், அதற்கு மேல் நீட்ட வேண்டாம். செஷன்களில் (கலைஞர்கள் கூடி வாசிக்கும் இடங்களில்) ரீல் 110-ஐத் தொடும், ஆனால் மூன்றாம் கிளாரினெட்காரர்களை நினைத்துப் பாருங்கள்.

கருவிகளுக்குப் பிரிக்கும்போது நான் விடாப்பிடியாக இருப்பது ஒன்றில்தான், எல்லாரையும் எப்போதும் வாசிக்க வைக்காதீர்கள். முதல் சுற்று ஒரே ஒரு புல்லாங்குழலும் கீழே சுருதியும். இரண்டாவது முறை ஓபோவும் முதல் கிளாரினெட்டும் சேரட்டும், அதே மெட்டு, அதே ஆக்டேவ், ஹார்மனி எதுவும் இல்லாமல். நாலு பேர் ஒரே மெட்டை ஒன்றாக வாசிப்பதுதான் இந்த இசையின் இயல்பான ஒலி, பேண்டில் அதை எழுத நமக்குத்தான் கூச்சமாக இருக்கிறது, வெறுமையாகத் தெரியுமோ என்று. தெரியாது. ஆல்டோ சாக்ஸுக்கு மெட்டைக் கொடுத்தால் ஓர் ஆக்டேவ் கீழே கொடுங்கள், ஈ ஃபிளாட் கீயில் அவர்கள் எழுத்தில் சி முதல் ஏ வரை, சொகுசாக விழும். கிளாரினெட்டில் நடு ஏ-யிலிருந்து பி-க்குத் தாண்டும்போது விரல்கள் மொத்தமாக மாறும் அந்தப் பாலத்தின் மேல் ரீல் ஓடும் இடங்களை மூன்றாம் வரிசைக்குத் தராமல் முதல் வரிசைக்கே விட்டுவிடுங்கள். டிரம்பெட்டுக்கு ஓடும் மெட்டு வேண்டாம், அது உடனே அணிவகுப்பு மாதிரி ஆகிவிடும். கடைசிச் சுற்றில் டிரம்பெட்டும் டிரம்போனும் நீண்ட சுரங்களில், மெட்டின் எலும்பை மட்டும் மேலே பிடித்துக்கொண்டு நிற்கட்டும், கீழே மரக்காற்றுக் கருவிகள் ஓடட்டும். ஹார்ன்களுக்கு எதிர் மெட்டு ஒன்று எழுதலாம், நாலைந்து சுரங்களுக்கு மேல் போகாமல்.

அலங்காரங்களைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். ரோல் என்பது ஒரு நீண்ட சுரத்தை இரண்டு இடத்தில் வெட்டுவது: ஜி-யைப் பிடித்தால் ஜி, மேலே ஏ-யை ஒரு தொடல், ஜி, கீழே எஃப் ஷார்ப்பை ஒரு தட்டல், ஜி. அந்த ஏ-யும் எஃப் ஷார்ப்பும் காதில் சுரமாகவே விழக்கூடாது, ஒரு வெட்டாகத்தான் விழ வேண்டும். இதை முதல் புல்லாங்குழலுக்கும் பிக்கலோவுக்கும் மட்டும் எழுதி, மற்றவர்கள் அதே இடத்தில் வெறும் நீண்ட சுரத்தை வாசிக்கும்படி விட்டுவிடுங்கள். பதினைந்து பேர் சேர்ந்து ரோல் போட்டால் குழம்பிப்போகும், ஒருவர் போட்டால் மின்னும். ஸ்லர் (சுரங்களை இணைத்து இழுக்கும் வளைகோடு) போடுவதில்தான் உண்மையான ஐரிஷ் நடை இருக்கிறது: தட்டு விழும் சுரத்தில் ஸ்லரை ஆரம்பிக்காமல், அதற்கு முந்தைய சுரத்தில் ஆரம்பித்துத் தட்டைத் தாண்டி இழுங்கள், பிடில் வில் அப்படித்தான் போகும். ஜிக்கில் மூன்று சுரக் கொத்துகளை ஒரே சீராகத் தட்டாமல் முதல் சுரத்துக்குக் கொஞ்சம் கூடுதல் கனம் கொடுக்கச் சொல்லுங்கள், ஸ்கோரில் அதைக் குறிக்க முயல வேண்டாம், பாடிக் காட்டினால் புரிந்துகொள்வார்கள்.

தாளக் கருவிகளுக்கு மெதுவான மெட்டில் வேலையே வேண்டாம், அதிகபட்சம் டிம்பனியில் சுருதிக்கு ஒரு உருட்டல். நடன மெட்டில் பௌரான் (ஐரிஷ் கைப்பறை) வாசிப்பவர் யாராவது அக்கம்பக்கத்தில் இருந்தால் அழைத்து வாருங்கள். இல்லையென்றால் தாழ்ந்த ஒலியுள்ள டாம் டிரம் ஒன்றை மென்மையான குச்சியால், ஒரு கையைத் தோலின் மேல் அழுத்தி வைத்துக்கொண்டு வாசிக்கச் சொல்லலாம், ஓரளவு அந்தச் சாயல் வரும். ஸ்னேர் டிரம்மைக் கூடுமானவரை தள்ளி வையுங்கள். இரண்டாவது சுற்று வரை தாளமே இல்லாமல் விட்டு அப்புறம் நுழைத்தால் அதன் மதிப்பு தெரியும்.

மெதுவான மெட்டு எழுதுவதுதான் இதில் எல்லாவற்றையும் விடக் கடினம், நேரம் எடுத்துக்கொள்ள வேண்டிய இடமும் அதுதான். ஐரிஷ் மொழியில் துணையில்லாமல் தனியாகப் பாடும் மரபிலிருந்து வரும் இந்த மெட்டுகளுக்குத் தட்டு என்ற ஒன்று உறுதியாகக் கிடையாது, பாடுபவரின் மூச்சும் சொல்லும்தான் நேரத்தைத் தீர்மானிக்கின்றன, ராக ஆலாபனை கேட்டுப் பழகியவர்களுக்கு அது எப்படி என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் முன்னால் ஐம்பது பேர், கையில் கோலோடு நடத்துநர். நான் செய்யும் வழி இது: ஸ்கோரில் பெயருக்கு மூன்று தட்டு பார்களாகப் பிரித்து எழுதிவிடுவேன், தனி வாசிப்பாளரின் பகுதியில் 'உங்கள் இஷ்டப்படி' என்று குறித்துவிடுவேன். மற்றவர்களுக்கு வெறும் நீண்ட சுரங்கள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு நிறுத்தக் குறி. தனி வாசிப்பாளர் ஒரு வரியை முடித்து அதன் கடைசிச் சுரத்தில் வந்து உட்கார்ந்த பிறகுதான் நடத்துநர் கையசைத்து அடுத்த கார்டுக்கு மாற்றுவார், அதாவது பேண்ட் அவரைப் பின்தொடரும், அவர் பேண்டுக்காகக் காத்திருக்க மாட்டார். தனி வாசிப்பாளரின் மெட்டைச் சின்னக் குறிப்பாக எல்லாருடைய பகுதியிலும் அச்சிட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் பின்வரிசை தொலைந்துபோகும். இரண்டாவது முறை வரும்போது தட்டோடு எழுதி முழு பேண்டையும் கொண்டுவரலாம். கிரெய்ஞ்சர் தன் அரேஞ்ச்மென்டில் மெட்டை முதலில் தாழ்ந்த குரல்களில் தொடங்கிவிட்டு அப்புறம்தான் உயரங்களுக்கு எடுத்துப் போகிறார், அந்த ஸ்கோரை ஒருமுறை வரிவரியாகப் படித்துப் பாருங்கள், எந்த உள் குரலும் சும்மா இடத்தை நிரப்ப வந்ததாக இருக்காது, ஒவ்வொன்றும் தனியாகப் பாடத் தகுந்தது.

தனி வாசிப்பை யாருக்குக் கொடுப்பது என்பதைத் திறமையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். எங்கள் பேண்டில் மறைந்த நண்பருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வாசித்த பெண்ணிடம் அந்த யூஃபோனியம் பகுதியைக் கொடுத்தேன். அந்தப் பெண்ணைவிட நன்றாக வாசிப்பவர்கள் இருந்தார்கள், ஆனால் அந்த மெட்டைப் பக்கத்திலிருந்து வாராவாரம் கேட்டவர் அவர் ஒருவர்தான். மேலே ஏறும் இடத்துக்கு முன் ஒரு மூச்சுக் குறி போட்டிருந்தேன், அதற்கு எந்த விளக்கமும் எழுதவில்லை, அவர் அதைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். ஒரு கவனம்: அப்படிப்பட்டவர் மேடையில் உடைந்துபோகவும் கூடும். அதனால் அதே வரியை டெனர் சாக்ஸுக்கோ முதல் ஹார்னுக்கோ சின்ன எழுத்தில் குறிப்பாகக் கொடுத்து, தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளும்படி முன்கூட்டியே பேசி வைத்துவிடுங்கள். தனி வாசிப்பாளருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தால்தான் தைரியமாக வாசிப்பார்.

முதல் ஒத்திகையில் தாள்களைக் கொடுப்பதற்கு முன்னால் மெட்டைக் காதால் கற்றுக்கொடுங்கள். நீங்கள் பாடுங்கள், அவர்கள் திருப்பிப் பாடட்டும், குரல் நன்றாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. டியூபாக்காரர்களுக்கும் மெட்டு மனப்பாடம் ஆன பிறகு அவர்கள் பிடிக்கும் சுருதியே வேறு மாதிரி ஒலிக்கும். பிறகு ஸ்கோரின் மேல் 'மரபு மெட்டு' என்றும், கேரலன் என்றால் அவர் பெயரையும், அதற்குக் கீழே அரேஞ்ச் செய்தவர் பெயரையும் ஆண்டையும் எழுதுங்கள். எந்த வடிவத்திலிருந்து எடுத்தீர்கள் என்று ஒரு வரி சேர்த்தால் அடுத்து வருகிறவருக்கு உதவும். நிகழ்ச்சிக் குறிப்பில் நண்பர் என்ன வாசித்தார், எந்த ஊர், இந்த மெட்டு ஏன் என்று மூன்று வரி போதும். அதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் குடும்பத்தாரிடம் காட்டிச் சம்மதம் வாங்கிவிடுங்கள், கச்சேரி முடிந்ததும் ஸ்கோரின் ஒரு பிரதியை நன்றாக பைண்ட் செய்து அவர்களிடம் கொடுத்துவிட்டு, இன்னொன்றை எல்லாப் பகுதிகளோடும் பேண்டின் நூலகத்தில் வையுங்கள், அடுத்த ஆண்டும் யாராவது எடுத்து வாசிக்கலாம்.